பெய்தாலா, பெய்யுமாவா: ஸ்பானிஷின் ‘யோபெரீயா’வும் அதற்குப் போட்டியான வடிவங்களும்

ஸ்பானிஷில் மழை பெய்வதற்கு ‘யோபேர்’ என்று ஒரு வினை. அதற்கு எழுவாயே கிடையாது. ‘யுவேபே’ என்று ஒற்றைச் சொல் சொன்னால் போதும், மழை பெய்கிறது. நான், நீ, அவர்கள் என்று ஆறு வடிவம் உருப்போடும் வேலையும் மிச்சம். ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்பதில் விளைவைச் சொல்லும் வடிவம் கண்டிஷனல்; அதற்கு வழக்கத்தில் ஒரே வடிவம்தான், யோபெரீயா. மூலச் சொல்லோடு ‘ஈயா’ ஒட்டினால் முடிந்தது. யுவேபேயில் ‘உவே’ என்று உடைகிற உயிர் இங்கே உடையாது, அழுத்தம் பின்னால் ‘ரீ’யில் போய் விழுவதால். பனி கொட்ட நெபரீயா, இடி இடிக்க த்ரோனரீயா. குளிரும் வெயிலும் மட்டும் ‘அசேர்’ என்ற வினையை இரவல் வாங்குவதால் அசெரீயா என்று வராமல் அரீயா என்று சுருங்கும்: அரீயா ஃப்ரீயோ, குளிரும்.

வடிவம் இவ்வளவுதான். எந்த இடத்தில் இதைச் சொல்வது, எந்த இடத்தில் போட்டிக்கு நிற்கும் வேறொன்றைச் சொல்வது என்பதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறோம்.

முதல் போட்டி ‘ஈபா அ யோபேர்’. ‘மழை பெய்யும்னு சொன்னாங்க’ என்பதை ‘திஹேரோன் கே யோபெரீயா’ என்றும் சொல்லலாம், ‘திஹேரோன் கே ஈபா அ யோபேர்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. எழுத்தில் முன்னது மிடுக்கு, வாய்ப்பேச்சில் பின்னதுதான் அதிகம். தமிழருக்குப் பின்னதைச் சொல்லித்தரவே வேண்டாம். ‘பெய்யப் போகுது’ என்று நாம் ‘போ’வைத் துணைக்கு வைத்துக்கொள்வது போலவே அவர்களும் போவதைக் குறிக்கும் வினையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ‘மழை வர்ற மாதிரி இருந்துச்சு, ஆனா வரல’ என்பதற்கு ‘ஈபா அ யோபேர், பேரோ நோ யோபியோ’ கச்சிதம். அங்கே யோபெரீயாவை வைத்தால் பொருந்தாது. பேசத்தான் படிக்கிறீர்கள் என்றால் ஈபாவை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது போட்டி ‘யோபியேரா’. இது சப்ஜங்டிவ், அதாவது நடந்ததாகச் சொல்லாமல் கற்பனையாகச் சொல்லும் வடிவம், பெரிய தலைவலி. பழி தமிழின் ‘ஆல்’ மீது. ‘மழை பெய்தால் வெளியே போகமாட்டேன்’ என்கிறோம். அந்தப் ‘பெய்தால்’ நடக்கக்கூடிய மழையா, சும்மா கற்பனை மழையா என்று தமிழ் கேட்பதில்லை. ஸ்பானிஷ் கேட்கும். மழைக்குப் பேர்போன ஸ்பெயின் ஊரான சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் ஒருவர் ‘சி யுவேபே, நோ சல்த்ரே’ என்பார் (‘சி’தான் நம் ‘ஆல்’). பெய்தால் போகமாட்டேன், பெய்யவும் பெய்யும். லீமாவில் கதையே வேறு. பெரு நாட்டின் அந்தத் தலைநகரில் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் ஓரிரு சென்டிமீட்டர் மழை தேறுவதே பெரிது; குளிர்காலத்தில் ‘கரூவா’ என்கிற மெல்லிய தூறல் விழும், அதற்கு ‘கருவார்’ என்று தனி வினையே உண்டு. அங்கே கொட்டும் மழையைப் பற்றிப் பேசினால் ‘சி யோபியேரா, நோ சல்த்ரீயா’ என்பதுதான் இயல்பு. ‘சி’க்குப் பின்னால் யோபியேரா, விளைவு சொல்லும் பாதியில் ‘ரீயா’.

நான் நெடுநாள் இரண்டு பக்கமும் ‘ரீயா’வையே போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் இணைய வகுப்பில் ‘சி யோபெரீயா’ என்றதும் ஆசிரியை சிரித்துவிட்டார். அவர் புர்கோஸ்காரர். “எங்க பாட்டி இப்படித்தான் பேசுவாங்க. ஆனா பரீட்சையில எழுதினீங்கன்னா மார்க் போயிரும்” என்றார். விஷயம் உண்மைதான். புர்கோஸ், பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா என்று ஸ்பெயினின் வடபகுதியில் பேச்சுவழக்கு அப்படி. இலக்கணப் புத்தகம் ஒத்துக்கொள்ளாது.

அதற்காக ‘சி’யைக் கண்டாலே ‘ரீயா’வை விரட்டிவிடக் கூடாது. ‘மே ப்ரெகுந்தோ சி யோபெரீயா’: மழை பெய்யுமா என்று என்னிடம் கேட்டான். இது நூற்றுக்கு நூறு சரி. ஸ்பானிஷ் ஒரே ‘சி’யை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறது, நமக்கு ‘ஆல்’ தனி, ‘ஆ’ தனி. ஆகவே மனதில் வருவது ‘பெய்தால்’ என்றால் யோபெரீயா வேண்டாம், ‘பெய்யுமா’ என்றால் தாராளமாகப் போடுங்கள். இந்தச் சோதனை எனக்கு விதிமுறை அட்டவணைகளைவிட நன்றாகவே உதவுகிறது.

நடந்து முடிந்ததைப் பற்றி ‘பெய்திருந்தால்’ என்று பேசும்போது தமிழும் பிரித்துக் காட்டிவிடுவதால் அவ்வளவு குழப்பமில்லை. ‘சி’யோடு ‘உபியேரா யோபீதோ’. விளைவுப் பாதியில் ‘அப்ரீயா’, ‘உபியேரா’ இரண்டையும் ஏற்கிறார்கள். நான் அப்ரீயாவோடு நின்றுகொள்கிறேன், ஒரே வாக்கியத்தில் உபியேரா இரண்டு தடவை வந்தால் நாக்கு தடுக்குகிறது.

மிச்சமிருப்பது ஊகம். ‘செரீயன் லாஸ் செய்ஸ்’ என்றால் ‘அப்போ மணி ஆறு இருக்கும்’. பழைய நேரத்தைப் பேசும்போதும் நாம் ‘இருக்கும்’ என்று எதிர்காலத்தைப் போடுகிறோமே, அதே புத்திதான் இங்கே ‘ரீயா’வுக்கும். ‘யோபெரீயா முச்சோ அகேயா நோச்சே’: அன்று ராத்திரி நல்ல மழை பெய்திருக்கும். இதற்கும் ‘தெபியோ தே யோபேர்’ என்று ஒரு போட்டி உண்டு, அது சற்றே வெளிப்படையான ஊகம். காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்துச் சொல்வதானால் இரண்டையும்விட ‘அப்ரா யோபீதோ’ இயல்பு.

இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ‘யோபீயா’ என்றால் மழை பெய்துகொண்டிருந்தது, கண்ணால் பார்த்த சேதி. ‘யோபெரீயா’ என்றால் வெறும் ஊகம். வேகமாகப் பேசுபவர் வாயில் நடுவில் இருக்கும் அந்த ‘ரீ’ வந்ததா இல்லையா என்று நான் இன்னமும் ‘¿கோமோ?’ (என்ன சொன்னீங்க?) போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.