அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதிப் பேப்பர் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு, ஏமாறாதீர்கள்

2023-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மோட்டலில் 11 மாதம் வேலை பார்த்தேன். ஃபீஸ் கட்ட முடியாமல் படிப்பை விட்டதால் மாணவர் விசா ஸ்டேட்டஸ் போய்விட்டிருந்தது. முதலாளி நம் மொழி பேசுகிறவர். "தங்க ரூம் தர்றேன், சம்பளம் கையிலேயே வாங்கிக்கோ, கவலைப்படாதே தம்பி" என்றார். பாஸ்போர்ட்டை அவர் லாக்கரில் வைக்கச் சொன்னார். பத்திரமாக இருக்குமாம். கொடுத்தேன். தயவுசெய்து நீங்கள் கொடுக்காதீர்கள்.

காலை 7 முதல் இரவு 7 வரை, வாரத்தில் 6 நாள், நாளுக்கு 60 டாலர். அந்த வருடம் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.50 டாலர். 8 மணி நேரத்துக்கே 124 டாலர் வருகிறது. மீதி 4 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதம் 93 டாலர். ஆக, 217 டாலர் வேலைக்கு 60. கடைசி இரண்டு மாதம் அந்த 60-ம் நின்றுபோனது.

கேட்டேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "ஐஸுக்கு ஒரு போன் போட்டா உன் கதை முடிஞ்சுது" என்றார். ஐஸ் (ICE) என்பது பேப்பர் இல்லாதவர்களைப் பிடித்து நாடுகடத்தும் அமெரிக்கக் குடிவரவுத் துறை. குடிவரவுச் சோதனை, கைது என்று டிவியில் வரும் வாரங்களில்தான் எங்களுக்குத் துடைக்க வேண்டிய அறைகள் கூடுதலாக விழும். யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

பேப்பர் இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது 1986 குடிவரவுச் சட்டப்படி முதலாளியின் குற்றம். அவரைத் தண்டிக்க வந்த சட்டத்தைச் சொல்லியே அவர் எங்களை மிரட்டினார். எனக்கு அது அப்போது புரியவில்லை. பிறகு ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் வக்கீல் அம்மா ஒருவர் நிதானமாக விளக்கினார். தொழிற்சங்க வேலை பார்த்ததற்காக நீக்கப்பட்ட, பேப்பர் இல்லாத ஒருவருக்கு, நீக்கத்துக்குப் பிந்தைய காலச் சம்பளம் கிடையாது என்று 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம் என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டித்தான் பலரும் 'உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை' என்கிறார்கள். ஆனால் உழைத்து முடித்த மணி நேரத்துக்கான கூலி வேறு விஷயம். அது ஸ்டேட்டஸைப் பார்ப்பதில்லை. சம்பளம் கேட்டதற்காகக் குடிவரவுத் துறையிடம் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டுவதும் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சம்பளப் புகார் கொடுத்தால் நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பு கிடைத்துவிடாது. அது தனி வழக்கு, தனி ஆபத்து. அதனால் முதலில் வக்கீலைப் பாருங்கள், அப்புறம் புகார்.

நான் தப்பித்தது ஒரு சின்ன நோட்டால். தினமும் எத்தனை மணிக்கு வந்தேன், போனேன், எத்தனை அறை என்று எழுதி வைத்திருந்தேன். முதலாளியிடம் ஒரு பதிவும் இல்லை. மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் புகார் போனதும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார். முழுத் தொகை வரவில்லை, பெரும்பகுதி வந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது.

என்னோடு வேலை பார்த்த குவாத்தமாலாக்கார அக்காவையும் கூப்பிட்டேன். அவர் அங்கே 7 வருடம். மகள் பள்ளியில் படிக்கிறாள், பயமாக இருக்கிறது என்றார். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் புகாருக்கு அந்த அலுவலகத்தில் 3 வருடம்தான் கெடு. 4 வருடக் கூலி அப்போதே கைவிட்டுப் போயிருந்தது. இப்போதும் அவர் அங்கேதான் அறை துடைக்கிறார்.