ராக் குழுவும் மூத்த கானா பாடகரும்: சேர்ந்தா, தனித்தனியா?

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் விழா நடத்துபவர்களுக்கு வரும் குழப்பம் இது. பிரிந்து மறுபடி சேர்ந்த ராக் குழுவையும் மூத்த கானா பாடகரையும் ஒன்றாகப் பாடவைப்பதா, அடுத்தடுத்து ஏற்றுவதா?

செலவு
சேர்ந்து: ஒத்திகைக்கூட வாடகை கூடும்.
தனித்தனி: ஒத்திகை மிச்சம், நடுவில் மைக் மாற்ற நேரம் போகும். இரவு பத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் அதுவும் இழப்புதான்.

குரல்
சேர்ந்து: கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும். வயதான பாடகருக்கு உச்ச ஸ்வரம் எட்டாது. கிடாரை அரை ஸ்வரமாவது இறக்கிக் கட்டுங்கள். தாளமில்லாமல் இழுத்துப் பாடும் தொடக்கத்தில் டிரம்ஸ் வாய் திறக்கக் கூடாது. அவர் கண் காட்டிய பிறகே அடி விழ வேண்டும். மானிட்டரில் (பாடுபவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) அவர் குரல் அவருக்கே கேட்காவிட்டால் கத்துவார், தொண்டை போய்விடும்.
தனித்தனி: டோலக், சட்டி மேளம் போதும். சொல் தெளிவாகக் கேட்கும்.

கூட்டம்
சேர்ந்து: இளசுகளும் பெரியவர்களும் கலந்து நிற்பார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோதே இந்தக் கலவைக்கு ஆள் உண்டு என்று தெரிந்துவிட்டது.
தனித்தனி: பாதிப்பேர் பாதியில் கிளம்புவார்கள்.

மைதானம், நல்ல சவுண்ட் ஆள், ஒத்திகைக்கு நாள் இருந்தால் சேர்ந்தே பாடட்டும். அந்த அனுபவத்துக்கு ஈடில்லை. தெருமுனை மேடையோ மரண கானாவோ (சாவு வீட்டில் பாடுவது) என்றால் பெரியவர் தனியாகவே பாடட்டும். எதுவானாலும் சுருதியை அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.