டின்டினா, ஆஸ்டெரிக்ஸா?

வெளிநாடுகளைக் குழந்தைக்குக் காட்டும் காமிக்ஸ் தொடர் வேண்டுமென்று தேடினால் முதலில் கையில் அகப்படுபவை டின்டினும் ஆஸ்டெரிக்ஸும்தான். இரண்டிலும் நாயகர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஆனால் ஒன்றை வரைந்தவர் போகப் போகக் கற்றுக்கொண்டார். மற்றதைப் படைத்தவர்கள் கற்க வேண்டிய தேவை இல்லாதது போலச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

இளம் செய்தியாளன் டின்டினின் ஆரம்பம் மோசமானது. பெல்ஜியத்தின் கத்தோலிக்க நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் 1929இல் இந்தத் தொடரைத் தொடங்கிய ஹெர்ஜே, அடுத்த ஆண்டே நாயகனை, அப்போது பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவுக்கு அனுப்பினார். அங்கே டின்டின் வகுப்பறையில் நின்று, பெல்ஜியம்தான் உங்கள் நாடு என்று காங்கோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். 1946இல் வண்ணத்தில் திருத்தி வரைந்தபோது அது கணக்குப் பாடமாகிவிட்டது. பெல்ஜியம் போயிற்று, காங்கோக்காரர்களுக்கு வரைந்த தடித்த உதடுகள் போகவில்லை.

1934இல், பிரஸ்ஸல்ஸில் சிற்பம் படித்துவந்த ஜாங் சோங்ரென் என்ற சீன மாணவரை ஹெர்ஜே சந்தித்தார். அந்த நட்பில் விளைந்ததுதான் டின்டின் சீனாவில் சுற்றும் 'நீலத் தாமரை' ஆல்பம். 1931இல் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பானியர் தாங்களே நடத்திவிட்டுச் சீனர் மேல் பழிபோட்ட ரயில் பாதை வெடிப்புகூட அதில் வருகிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்ட சிறுவன் சாங், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்கிறான். சீனர்களைப் பற்றி ஐரோப்பாவில் உலவும் கட்டுக்கதைகளை டின்டின் பதிலுக்குச் சொல்ல, சாங் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பிறகு, தொடரில் அடிக்கடி வரும் இரட்டையர் போன்ற இரண்டு துப்பறிவாளர்கள், யாருக்கும் சந்தேகம் வராது என்ற நம்பிக்கையில், பழங்காலச் சீன உடையும் தொங்கும் பின்னலுமாகத் தெருவில் இறங்குகிறார்கள். பின்னால் ஊரே கூடிச் சிரித்தபடி வருகிறது. வேற்று நாட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவனின் அறிவை இதைவிட நன்றாக யாரும் வரைந்ததில்லை. அதே ஆல்பத்தில் ஜப்பானியர் துருத்திய பற்களோடு வருவதையும் சொல்லியாக வேண்டும். நண்பர் கிடைத்த நாட்டுக்கு மட்டுமே நியாயம் கிடைத்தது.

ரோமானியருக்கு அடங்காத ஒரு கோல் (பழங்கால பிரான்ஸ்) கிராமத்தின் வீரனான ஆஸ்டெரிக்ஸ் 1959இல் பிறந்தவன். பிரான்ஸ் தன் முதல் செயற்கைக்கோளுக்கே 1965இல் அவன் பெயரை வைத்தது. எழுதிய கோசினியோ போலந்து, உக்ரைன் பக்கத்து யூதக் குடும்பத்தின் பிள்ளை, புவெனஸ் ஐரிஸில் வளர்ந்தவர். வரைந்த உடெர்சோ இத்தாலியக் குடியேறிகளின் மகன். தேசப் பெருமையை அந்நியரின் பிள்ளைகள் செய்துகொடுத்தார்கள். அதனால்தானோ என்னவோ, அதில் குறும்பும் கலந்திருக்கிறது. அலேசியா என்ற ஊரில் கோல் மக்கள் ஜூலியஸ் சீசரிடம் தோற்ற கதையை எடுத்தாலே, அப்படி ஓர் ஊரே தெரியாது என்று ஊர்க்காரர்கள் எரிந்து விழுகிறார்கள். 1966 ஆல்பத்தில் பிரிட்டன்காரர்கள் மாலை ஐந்து மணிக்குப் போரை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்கிறார்கள், தேயிலை இன்னும் வந்து சேராததால். பிரிட்டன் வாசகர்களே ரசித்த கேலி அது. திருப்பி அடிக்கக்கூடிய அண்டை வீட்டாரிடம் இந்த விளையாட்டு பொருந்துகிறது. கடற்கொள்ளையர் கப்பலின் உச்சியில் நிற்கும் ஆப்பிரிக்கக் காவலாளியிடம் பொருந்தவில்லை. தனக்கு வரைந்த சிவந்த பெரிய உதடுகளுக்கு அவன் யாரைத் திருப்பி அடிக்க முடிந்தது?

நம் நாட்டைக் காட்டியதில் இரண்டுமே சுமார். 1930களின் டின்டினில் மகாராஜாவும் மனோவசியம் செய்யும் பக்கிரியும். 1987இன் ஆஸ்டெரிக்ஸிலும் பக்கிரிதான், பறக்கும் கம்பளம் கூடுதல். கோசினி அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இறந்துவிட்டார். ஹெர்ஜே மட்டும் 1960இல் வெளியான திபெத் ஆல்பத்தில் கொஞ்சம் முன்னேறியிருந்தார். டெல்லியில் குதுப் மினார், செங்கோட்டை பார்த்துவிட்டு வரும் டின்டினின் நண்பர் கேப்டன் ஹேடக், வழியை அடைத்துப் படுத்திருக்கும் பசுவைத் தாண்டப்போய் அதன் முதுகிலேயே சவாரி போகிறார். சிரிப்புக்கு ஆளாவது ஊர்க்காரர் அல்ல, வந்தவர்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் நீலத் தாமரையை எடுப்பேன். சிரிக்க மட்டும் வேண்டுமென்றால் பிரிட்டன் ஆல்பம். காங்கோ ஆல்பத்தைப் பதினைந்து வயதுக்குப் பிறகு, இரண்டு பதிப்புகளின் அந்த வகுப்பறைப் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.