மாரடோரியம்: மூன்று மாதம் எடுத்தவனின் கணக்கு

2020 ஏப்ரலில் மாரடோரியம், அதாவது தவணை ஒத்திவைப்பு எடுத்து, வீட்டுக்கடன் தவணையை மூன்று மாதம் நிறுத்தி வைத்தேன். அப்போது கொரோனா ஊரடங்கில், கோவையில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனி பூட்டிக் கிடந்தது, சம்பளம் பாதிதான் வந்தது. அந்தக் காலாண்டில் நாட்டின் ஜிடிபி 23.9 சதவீதம் சரிந்தது என்று ஆகஸ்ட் கடைசியில் செய்தி வந்தபோது, எங்கள் தெருவிலேயே அதைப் பார்த்தாயிற்றே என்றுதான் தோன்றியது.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி இந்த ஒத்திவைப்பை அறிவித்தது. வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்திலிருந்து 4.40க்குக் குறைத்ததும் அதே நாளில்தான். "மூன்று மாதம் இஎம்ஐ கட்ட வேண்டாம்" என்று பேசிக்கொண்டார்கள். அந்த 'வேண்டாம்' என்ற சொல்தான் பலரைக் கவிழ்த்தது. பணம் தள்ளுபடி ஆகவில்லை, தேதி மட்டும்தான் தள்ளிப்போனது, வட்டி ஒரு நாள் கூட நிற்கவில்லை.

என் கணக்கையே சொல்கிறேன். பாக்கி 18 லட்சம், வட்டி 8.5 சதவீதம், மீதி 204 தவணை, மாதம் 16,709 ரூபாய். இதில் 12,750 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 3,959தான். மூன்று மாதம் கட்டாததால் 38,522 ரூபாய் அசலோடு சேர்ந்துகொண்டது. மாதம் 3,959 இறங்குகிற இடத்தில் இதை இறக்க எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். வட்டி மாறாமல் இருந்தால் 204 தவணை 214 ஆகிறது. மூன்று மாதம் மூச்சு விட்டதற்குப் பத்துத் தவணை, அதாவது 1.6 லட்சத்துக்கு மேல்! ஸ்டேட் வங்கியே அப்போது ஓர் உதாரணம் வெளியிட்டது: 30 லட்சம் கடன், மீதி 15 வருடம் என்றால் மூன்று மாத ஒத்திவைப்புக்குக் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், எட்டுத் தவணைக்குச் சமம். அதை எத்தனை பேர் தேடிப் படித்திருப்பார்கள்?

சேவை எப்படி இருந்தது என்றால், மோசம். என் வங்கியின் பெயர் வேண்டாம். குறுஞ்செய்திக்கு 'ஆம்' என்று பதில் அனுப்பினால் போதும் என்றார்கள், அனுப்பினேன். ஆனாலும் ஏப்ரல் 5 அன்று ஈசிஎஸ் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் முறை) போட்டு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி, பவுன்ஸ் கட்டணம் 590 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க மூன்று மின்னஞ்சல், ஊரடங்கில் இரண்டு முறை கிளைக்கு நடை. புதிய தவணை அட்டவணையை அவர்களாகத் தரவே இல்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். போதாக்குறைக்கு, இஎம்ஐ தள்ளிவைத்துத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று மோசடிக்காரர்கள் வேறு அந்த நேரத்தில் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

நல்லதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒத்திவைத்த மாதங்களைக் கடன் தவறியதாகப் பதியக் கூடாது என்று இருந்தது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அதனால் விழாது என்றார்கள். அந்த மூன்று மாதம் வீட்டில் அரிசியும் அம்மாவின் மருந்தும் தடையில்லாமல் வந்ததற்கு இதுதான் காரணம். கையில் வேறு வழியே இல்லாதவர் இதை எடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. சம்பளம் முழுதாக வந்துகொண்டிருந்தும் எடுத்து வைப்போமே என்று எடுத்தவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. அதிலும் கிரெடிட் கார்டு பாக்கிக்கு எடுத்தவர்கள் நிலைமை இன்னும் கொடுமை, வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிற இடம் அது.

மே 22 அன்று இதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். நான் ஜூன் தவணையோடு ஒத்திவைப்பை நிறுத்திக்கொண்டேன். அப்புறம், ஒத்திவைத்த மாதங்களின் வட்டிக்கும் வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே தருவதாக அக்டோபரில் முடிவானது, தவணையை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் கிடைத்தது. எனக்கு வந்தது ஏறத்தாழ 1,370 ரூபாய். 1.6 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மார்ச் 23 தீர்ப்பில் அந்த ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி யாரிடமும் வாங்கக் கூடாது என்றது நீதிமன்றம், முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது.

இதை எடுத்துவிட்டு இப்போதும் அதே தவணையைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் மாதம் 500 ரூபாய் கூட்டிக் கட்டுகிறேன். என் கணக்கில் அந்த 500 ரூபாயே 214 தவணையை 201க்குக் கொண்டுவருகிறது, மாறும் வட்டியில் இருக்கும் தனிநபர் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதமும் கிடையாது. கட்டும்போது 'அசலில் வரவு வையுங்கள்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என் கிளையில் முதல் இரண்டு மாதமும் அதை அடுத்த தவணைக்கான முன்பணம் என்று வைத்திருந்தார்கள், கேட்ட பிறகுதான் மாற்றினார்கள்.