ஈவ் ஆன்லைன்: ஆறு வருடம் ஆடிய அனுபவத்தில் புதியவர்களுக்கு

ஆறு வருடமாக ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் இணைய விளையாட்டை ஆடுகிறேன். நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். நண்பர்கள் யாராவது ஆரம்பிக்கலாமா என்று கேட்டால் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: முதல் வாரத்திலேயே வேண்டுமென்றே ஐந்தாறு சின்னக் கப்பல்களை இழந்துவிடுங்கள், இழப்பு பழகிப்போகட்டும்.

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் இதை வெளியிட்டது. அன்றிலிருந்து விதி ஒன்றே: கப்பல் வெடித்தால் போனது போனதுதான். உள்ளே இருந்த சரக்கில் ஏறக்குறையப் பாதி அழியும், மீதியை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். காப்பீடு எடுத்திருந்தால் கப்பலுக்கு ஏதோ கிடைக்கும். அதில் பொருத்திய ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் கிடைக்காது.

இது எனக்கு உறைக்க ஒன்றரை மாதம் ஆனது. தாது வெட்டி, மிஷன் முடித்துச் சேர்த்த விளையாட்டுப் பணம் 8 கோடி ஐஸ்க்குக்குப் பொருள் வாங்கி ஒரே பேட்ஜர் சரக்குக் கப்பலில் ஏற்றினேன். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வழியில் உவேடாமா என்ற நட்சத்திர மண்டலம். ஆட்டோபைலட், அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாசலான கேட்டின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தாது, சில கிலோமீட்டர் முன்னால் இறக்கிவிடும். மீதித் தூரம் கப்பல் ஊர்ந்து போக வேண்டும். அந்த இடைவெளியில் கேட்டலிஸ்ட் என்னும் மலிவான தாக்குதல் கப்பல்கள் மூன்று வந்து இறங்கின. தட்டோடு திரும்பி வந்து பார்த்தால் திரையில் என் பாட் (விமானி உயிர் தப்பும் கூண்டு) மட்டும் மிதக்கிறது.

ஹைசெக், அதாவது உயர்பாதுகாப்புப் பகுதி என்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்திருந்தேன். விளையாட்டின் கான்கார்ட் காவல்படை நம்மைக் காப்பாற்ற வருவதில்லை, அடித்தவரைத் தண்டிக்க வருகிறது. உவேடாமா போன்ற, ஹைசெக்கிலேயே மிகக் குறைந்த பாதுகாப்பு அளவான 0.5 உள்ள இடங்களில் அது வந்து சேர இன்னும் கொஞ்சம் தாமதமாகும். மலிவான கப்பலைப் பலிகொடுத்து விலைகூடிய சரக்கை எடுக்க அந்தச் சில விநாடிகள் போதும்.

அன்று இரவு, அடித்தவருக்கே ஒரு மெயில் எழுதினேன்: நான் எங்கே தவறு செய்தேன்? அரை மணி நேரத்தில் நீளமான பதில் வந்தது. முந்தைய கேட்டிலேயே என் சரக்கை ஸ்கேன் செய்துவிட்டார்களாம். அவ்வளவு மெலிந்த கப்பலில் அவ்வளவு மதிப்பை ஏற்றாதே, இரண்டு நடையாகப் போ, கையால் ஓட்டு என்று எழுதி, கூடவே 1 கோடி ஐஸ்க்கும் அனுப்பியிருந்தார். விட்டுவிடலாம் என்று இருந்தவனை அந்த மெயில்தான் நிறுத்தியது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்புறம், தனியாக ஆடாதீர்கள். புதியவர்களுக்கு விளையாட்டே வைத்திருக்கும் கரியர் ஏஜென்ட்டுகள் தரும் வேலைகளை முடியுங்கள், இலவசமாகக் கப்பல்கள் கிடைக்கும். முடித்த கையோடு புதியவர்களைச் சேர்க்கும் ஒரு கார்ப்பில் (ஆட்டக்காரர்கள் நடத்தும் குழு) சேர்ந்துவிடுங்கள். ஈவ் யுனிவர்சிட்டி என்று கற்பிப்பதற்காகவே ஒரு கார்ப் பல வருடமாக நடக்கிறது. நான் சேர்ந்த கார்ப்பில் முதல் நாளே கையில் ஒரு மெர்லினை, அதாவது ஒரு சின்னப் போர்க்கப்பலைக் கொடுத்து, எதிரியைப் பிடித்து வை, அவ்வளவுதான் உன் வேலை என்றார்கள். பெரிய கப்பல் வார்ப் ஆகி (அதிவேகத்தில் பாய்ந்து) தப்பாமல் ஒரு சின்னக் கப்பல் பிடித்துவைக்க முடியும். அன்று ஒரு குரூசரை முப்பது விநாடி பிடித்து வைத்திருந்தேன். மவுஸ் பிடித்த கை நடுங்கியது. என் மெர்லின் வெடித்தது, குரூசரும் வெடித்தது, ஹெட்செட்டில் எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒன்றரை மாதத் தனி ஆட்டத்தில் கிடைக்காதது அந்த முப்பது விநாடியில் கிடைத்தது.

உங்கள் பாத்திரத்தின் திறன்களைப் பற்றி: நீங்கள் ஆடாத நேரத்திலும் அவை நிஜக் கடிகாரப்படி வளரும். இலவச ஆல்ஃபா கணக்கில் 50 லட்சம் திறன் புள்ளி வரை போகலாம், தொடங்குவதற்கு அது தாராளம். எதையும் ஐந்தாம் நிலைக்கு உடனே கொண்டுபோக வேண்டாம். நான்கிலிருந்து ஐந்துக்கு நாள்கணக்கில், சிலதுக்கு வாரக்கணக்கில் ஆகும், பலனோ கொஞ்சம். பல திறன்களை மூன்று, நான்கில் வைப்பதுதான் நல்லது. காசு கொடுத்துப் பெரிய கப்பலை முதல் மாதமே வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஓட்டத் தெரியாமல் வாங்கினால் அதை இன்னொருவருக்குப் பரிசளிப்பதாகத்தான் முடியும்.

பெரிய சந்தை இருக்கும் ஜிட்டாவில் லோக்கல் சாட் முழுக்க, அனுப்பும் ஐஸ்க்கை இரட்டிப்பாக்கித் தருவதாக விளம்பரம் ஓடும். ஒரு ஐஸ்க் கூட அனுப்பாதீர்கள். அங்கே ஏமாற்றுவது விதிமீறல் இல்லை, போன பணம் திரும்பாது.

நம் ஊரிலிருந்து ஆடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சர்வர் லண்டனில் இருப்பதால் எனக்குப் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) 200 மில்லிவிநாடியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இந்த விளையாட்டின் சர்வர் விநாடிக்கு ஒரு முறைதான் கணக்கிடுகிறது, அதனால் சுடும் விளையாட்டுகளில் நம்மைக் கொல்லும் அந்தத் தாமதம் இங்கே பெரிதாகத் தெரியாது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நம் நேரப்படி மாலை 4:30-க்கு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். 4:20 ஆனதும் கப்பலை நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு டீ போடப் போங்கள்.