கறுப்பு ரீசேட்டில் இரணைமடு: எந்த அச்சு?

பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அறுபது கறுப்புப் பருத்தி ரீசேட். முன்பக்கத்தில் 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்து வான்கதவால் தண்ணீர் பாய்கிற படம். "ஃபோட்டோ மாதிரியே வரவேணும், தம்பி" என்றார் ஓடர் தந்த அண்ணை. கிளிநொச்சி வெயிலில் அச்சடிக்கிறவனுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம். நுரை, தூவானம், கலங்கல் தண்ணீர் எல்லாமே மெல்ல மெல்ல மங்குகிற நிறங்கள்.

முதலில் நாலு நிற முறை. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நாலே ஸ்கிரீன், அதாவது மையை வலையூடே துணியில் இறக்குகிற சட்டம். மலிவுதான். ஆனால் அந்த மைகள் ஊடுதெரிபவை, துணியின் வெள்ளைதான் படத்துக்கு வெளிச்சம். வெள்ளைச் சேட்டுக்கு அருமையான முறை, கறுப்பில் அடித்தால் படமே தெரியாது. அடியில் வெள்ளை போட்டு ஒருக்கால் முயன்றேன். ஸ்கிரீன் மயிரிழை விலகினதில் படத்தில் இருந்தவர்களின் முகமெல்லாம் பச்சை. அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது டிடிஎஃப், அதாவது படலத்தில் அடித்துத் துணிக்கு மாற்றுகிற முறை. பிளாஸ்டிக் படலத்தில் நிறங்களை அடித்து, அதன்மேல் வெள்ளை, பிறகு பசைத்தூள், கடைசியில் சூட்டு அழுத்தம். ஒரு சேட்டென்றாலும் செய்யலாம், ஸ்கிரீன் செலவே இல்லை. கல், கதவு, எழுத்து எல்லாம் கூர்மையாக வரும். சிக்கல் தூவானத்தில்தான். பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், பொடிப் புள்ளிகளில் தூள் சரியாகப் பிடிக்காது. நெஞ்சை மூடும் பெரிய படமென்றால் ஆடி வெயிலில் பொலித்தீன் பை போட்ட மாதிரி வியர்க்கும்.

என் தெரிவு சிமுலேட்டட் புரொசெஸ். ஊடுதெரியாத மைகளையே சின்னப் புள்ளிகளாக உடைத்து அடிக்கிற முறை. இந்தப் படத்துக்கு ஆறு ஸ்கிரீன் போட்டேன்: அடிவெள்ளை, பழுப்பு, நீலம், சாம்பல், மஞ்சள், மேல்வெள்ளை. கறுப்புக்கு ஸ்கிரீன் தேவையில்லை, சேட்டே கறுப்பு. நுரை மங்குகிற இடத்தில் புள்ளிகள் சிறுத்துச் சிறுத்து துணிக்குள் கரைந்துபோகும். துணியும் மூச்சுவிடும்.

ஆனால் பொறுமை வேண்டும். அங்குலத்துக்கு 50 புள்ளிவரிசை என்றால் மெஷ், அதாவது ஸ்கிரீன் வலையில் அங்குலத்துக்கு உள்ள இழைகள், அதைப்போல நாலைந்து மடங்கு, 230க்குக் குறையக்கூடாது. வழக்கமான 110 மெஷ்ஷில் போட்டால் நுண்புள்ளி நிற்க இடமில்லை, அலையலையாகக் கோலம் விழும். ஸ்கிரீனில் படம் பதிக்கப் பூசுகிற, வெளிச்சம் பட்டால் இறுகுகிற எமல்ஷனை வெயிலில் எரிக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. தடித்த எழுத்துக்கு அது போதும், இதற்கு ஒரே அளவான லைட் வேண்டும், ஒரு முகில் மறைத்தாலே கணக்குப் பிழைத்துவிடும். அடிவெள்ளையைச் சூட்டில் அரைவாசி காயவைத்துத்தான் மேல்நிறம் அடிக்கவேண்டும். பிளாஸ்டிசோல் என்கிற பிளாஸ்டிக் மை 160 பாகை செல்சியஸ் அளவு சூட்டை அடிவரை வாங்காவிட்டால் கழுவக் கழுவ வெடிக்கும். தண்ணீர் மை இன்னும் மிருது, ஆனால் எங்கள் சித்திரை வெக்கையில் மெஷ்ஷிலேயே காய்ந்து நுண்புள்ளிகளை அடைத்துவிடும்.

இருபது சேட்டுக்குக் குறைந்தால் ஆறு ஸ்கிரீன் செய்வது கட்டாது, டிடிஎஃப்புக்கே அனுப்புவேன். விளையாட்டுக் கழக ஜேர்சி பொலியெஸ்டர், அது வேறு கதை.

அறுபதும் அடித்து ஸ்கிரீனையும் கழுவியபிறகு இன்னும் இரண்டு பேர் சேட் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு டிடிஎஃப். கழுத்தோரத் தூவானத்தைப் படத்திலிருந்து வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.