கைரேகை வாங்கிக்கொண்டு "பணம் ஏறல பாட்டி" என்கிறார்கள்: முதியோர் உதவித்தொகை வாங்குபவர் வீட்டில் இருந்தால் இன்றே பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள்

3,600 ரூபாய். மாதம் 1,200 வீதம் மூன்று மாத முதியோர் உதவித்தொகை. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் 74 வயதுப் பாட்டியின் கணக்கிலிருந்து போய்விட்டது. கார்டைத் திருடவில்லை, போனில் ஓடிபி கேட்கவில்லை. பாட்டியிடம் கார்டும் இல்லை, போனும் இல்லை. விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். அவ்வளவுதான். திங்கட்கிழமை தெரிந்தது, இன்று வியாழன். நான்கு நாளாக ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கியும் ஒருவர் கூட உட்காரச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். ஏமாறாமல் இருக்கச் செய்ய வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன், அதையாவது படித்துவிடுங்கள்.

பணம் வாங்கிய இடம் ஒரு வங்கிச் சேவை மையம். வங்கி முகவர் ஒருவர் சின்னக் கடையில் கைரேகைக் கருவியும் போனும் வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பாரே, அந்த மாதிரி. ஊர், வங்கி, ஆள் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் நேர்மை இல்லாத ஒருவர் கையில் சிக்கினால் தப்பிக்க வழியே இல்லாதபடிதான் இந்த ஏற்பாடு இருக்கிறது. அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

இதற்குப் பெயர் ஏஇபிஎஸ், அதாவது ஆதார் வழிப் பணப் பட்டுவாடா. ஆதார் எண், எந்த வங்கி, விரல் ரேகை, இந்த மூன்றும் போதும். முகவரின் போனில் மூன்று வேலைகள் இருக்கும்: இருப்பு பார்ப்பது, மினி ஸ்டேட்மெண்ட் எடுப்பது, பணம் எடுப்பது. மூன்றுக்கும் அதே விரல், அதே கருவி, அதே சிவப்பு வெளிச்சம். ஏடிஎம்மில் திரை நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. இங்கே திரை அவர் பக்கம். தொகையைத் தட்டுவதும் அவர், பொத்தானை அழுத்துவதும் அவர், வந்த விடையைப் படித்துச் சொல்வதும் அவர். விரல் மட்டும்தான் பாட்டியுடையது. "இருப்பு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு 1,200 என்று தட்டினால் எதிரில் நிற்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இன்னொன்று. தீப்பெட்டி ஒட்டியும் பாத்திரம் தேய்த்தும் நாற்று நட்டும் காலம் தள்ளியவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். வயதானால் தோலும் வறண்டுவிடும். முதல் தடவை கருவி எடுக்காது. "அழுத்தி வைங்க", "அடுத்த விரல் வைங்க", "துடைச்சிட்டு வைங்க" என்று நான்கைந்து தடவை வைப்பது அங்கே தினமும் நடப்பது. அதனால் ஐந்து தடவை வைத்ததில் எது பணம் எடுத்தது, எது எடுக்காதது என்று யாருக்கும் தெரியாது. நிஜமாகவே சர்வர் கிடைக்காத நாளும் உண்டு, உதவித்தொகை தாமதமாக ஏறும் மாதமும் உண்டு. பொய்க்கு இவ்வளவு வசதியாக உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டி அந்த ஆளை நம்பியதற்குக் காரணம் இருந்தது. போனதும் ஸ்டூல் எடுத்துப் போடுவாராம். "வாங்க பாட்டிம்மா, வெயில்ல வந்தீங்களா" என்பாராம். ஈரத் துணியால் பாட்டியின் கட்டைவிரலை அவரே துடைத்து, மெதுவாகப் பிடித்துக் கருவியில் வைப்பாராம். எந்த ஆபீசிலும் தன் கையைத் தொட்டு ஒருவர் பேசியது இவர்தான் என்று பாட்டி போன மாதம் கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பிடித்துத்தான் 1,200, மறு மாதம் 1,200, அடுத்த மாதம் இன்னொரு 1,200. ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஏறல பாட்டி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லி, பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது என்று சீட்டும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்.

உதவித்தொகையே நின்றுவிட்டது என்று நினைத்துப் பாட்டி தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறார். சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு, "மாசா மாசம் போய்க்கிட்டுத்தானே இருக்கு, பேங்க்ல கேளுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்க வேண்டும். பணம் போகிறது, கைக்கு வரவில்லை என்றால் நடுவில் எங்கே நின்றது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டாவது மாதமே பிடித்திருக்கலாம். கேட்கவில்லை. வங்கிக் கிளையிலோ பாஸ்புக் பதியும் இயந்திரம் ரிப்பேர் என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கவுண்டரில் கெஞ்சிப் பதிந்து வாங்கியபோதுதான் தெரிந்தது: மூன்று வரவு, மூன்று பற்று, ஒவ்வொன்றும் 1,200. எஸ்எம்எஸ் வந்திருக்குமே என்று கேட்காதீர்கள். கணக்கோடு இணைத்திருக்கும் எண் எப்போதோ செத்துப்போன ஒரு சிம்.

அதன் பிறகு கேட்ட பதில்களை அப்படியே எழுதுகிறேன்.

முகவர்: "நான் கொடுத்துட்டேன். பாட்டிக்கு வயசாச்சுல்ல, மறந்திருப்பாங்க."

வங்கிக் கிளை: "ரேகை வச்சது அவங்கதானே? சிஸ்டத்துல சக்சஸ்னு இருக்கு. நாங்க என்ன பண்றது?" அப்புறம், "அந்த முகவர் எங்க கிளையைச் சேர்ந்தவர் இல்ல." அப்புறம், "பையன் இருந்தா கூட்டிட்டு வாங்க, பெரியவங்ககிட்ட பேசி ஒண்ணும் ஆகாது."

காவல் நிலையம்: "3,600 ரூபாய்க்கு எஃப்ஐஆர் போட முடியாதும்மா, பேசி வாங்கிக்கங்க."

மறுபடி முகவர், இந்தத் தடவை தனியாக: "ஐந்நூறு ரூபா தர்றேன், இதோட விட்டுடுங்க."

மறந்துவிட்டார் என்ற பதில்தான் நெஞ்சில் குத்துகிறது. பாட்டி மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி தெருமுனைக் கடையில் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் பாட்டியின் கணக்கை அடித்து 'வரவு' என்று எழுதியிருக்கிறார் கடைக்காரர். கடைசி மூன்று மாதத்தில் அடிக்கப்படாத வரிகள் ஒன்றரைப் பக்கம் ஓடுகின்றன: பால் பாக்கெட், எண்ணெய் 100 மில்லி, புளி, பால் பாக்கெட், தீப்பெட்டி. மாதம் 1,200 என்றால் நாளுக்கு 40 ரூபாய். அரிசி ரேஷனில் வந்துவிடும். மற்றதெல்லாம் இந்த 40க்குள். அதில் பால் கூட இரண்டு வாரமாக வாங்கவில்லை என்று நோட்டைப் பார்த்தால் தெரிகிறது.

"பையனைக் கூட்டிட்டு வா" என்று சொன்னவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, கவனிக்க ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பாட்டிக்கு இந்தப் பணம் வந்தது. ஆள் இல்லை என்பதற்காகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வந்தவரிடம் ஆளோடு வா என்றால் என்ன அர்த்தம்?

மணியார்டர் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. தபால்காரருக்குப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் அப்போது மை தொட்டு வைத்த ரேகைக்குப் பக்கத்தில் தொகை எழுதியிருந்தது. காகிதம் மிஞ்சியது. இன்று ரேகை போகிறது, காகிதம் வருவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருளும் 2025 ஆகஸ்டிலிருந்து வாசலுக்கு வருகிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நாங்கள் போன கிளையில் அதைக் கேட்டதற்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாதது போல் பார்த்தார்கள்.

கவுண்டரில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களிடம் இனிப்பான பேச்சை யாரும் கேட்கவில்லை. அது அந்த முகவரிடமே ஏராளமாக இருந்தது. இருப்பு எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டைக் கையில் கொடுங்கள். நோட்டுகளை அவர்கள் எதிரிலேயே, அவர்கள் வேகத்தில் எண்ணி வையுங்கள். பாஸ்புக்கைத் திருப்பி அனுப்பாமல் பதிந்து கொடுங்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இரக்கம் கைக்கு வந்து சேரும் வழி அதுதான்.

சட்டம் பாட்டி பக்கம்தான் இருக்கிறது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. முகவர் செய்யும் தவறுக்கு அவரை நியமித்த வங்கியே பொறுப்பு. "எங்க கிளை இல்ல" என்று தட்டிக்கழித்தால், எந்த வங்கியின் முகவர் என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேளுங்கள். வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனை பற்றி 2017 ஜூலை 6 அன்றே ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்கு. வாடிக்கையாளர் பக்கம் பிழை இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். வங்கி ஆட்களின் தவறு என்றால் அந்த நாள் கணக்கே கிடையாது. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ரேகை வச்சது அவங்கதானே" என்பார்கள். அதற்கு மனுவில் இப்படி எழுதுங்கள்: இருப்பு பார்க்க என்று சொல்லித்தான் விரல் வாங்கினார், பணம் எடுக்க நான் சம்மதிக்கவில்லை, பணமும் கையில் தரவில்லை. அதோடு ஒவ்வொரு பற்றுக்கும் நேரம், கருவி எண், முகவர் எண், ஆர்ஆர்என் என்ற 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கேளுங்கள். ஒரே நாளில் எத்தனை தடவை விரல் வைக்கப்பட்டது, எது எதற்காக என்ற பதிவையும் கேளுங்கள். அது அவர்களிடம் இருக்கும்.

சொன்ன அறிவுரை. விரிவாக எழுத நினைத்தேன், மனு எழுதும் வேலை கிடப்பதால் சுருக்கமாக.

சீட்டு வராமல் கடையை விட்டு இறங்க வேண்டாம். பேப்பர் இல்லை என்றால் விரலை வைக்காமலே திரும்பிவிடுங்கள். "ஏறல" என்று சொன்னாலும் சீட்டு கேளுங்கள், தோல்வி என்றாலும் அதற்கும் சீட்டு உண்டு. சர்வர் கோளாறில் கணக்கில் கழிந்து பணம் கைக்கு வரவில்லை என்றால் 5 நாளில் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

பணம் எடுத்துக் கொடுக்க முகவருக்கு வங்கி கமிஷன் தருகிறது. நீங்கள் இருபது முப்பது தர வேண்டியதில்லை.

மாதம் ஒரு முறை பாஸ்புக் பதியுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருடையதையும் சேர்த்து எடுத்துப் போங்கள். செத்த சிம்மை மாற்றி, நம்பகமான ஒருவரின் எண்ணை இணையுங்கள்.

ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், ஆதாரில் போன் எண் இருந்தால். ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது. போகும் முன் திறக்க வேண்டும். இது தெரியாமல் பூட்டிவிட்டு அரிசி வாங்காமல் திரும்பியவர்கள் உண்டு.

பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். வங்கியில் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள், விவரத்துக்கு 14448. முதியோருக்கு உதவ 14567, முதல்வரின் உதவி மையம் 1100.

3,600 ரூபாய். ஐந்நூறுக்கு முடித்துக்கொள்ளச் சொன்னபோது பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மீதிக்குக் கடைக்காரருக்கு நான் என்ன சொல்றது?" நாளைக் காலை பத்து மணிக்குக் கிளை திறக்கும். மனு இரண்டு பிரதி, பாஸ்புக் நகல், கடை நோட்டின் அந்த ஒன்றரைப் பக்கத்தின் நகல், எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது.